ஓ.எம்.ஆரில் டபுள் பெட்ரூம் வீடு வாடகைக்கு எடுப்பது: விளம்பரத்தில் வராத கணக்கு

கேள்வி: சோழிங்கநல்லூரில் வேலை கிடைத்திருக்கிறது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். சென்னை ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் இரண்டு படுக்கையறை வீடு, 30,000 ரூபாய்க்குள் பார்க்கிறோம். எதைக் கேட்க வேண்டும், எதில் ஏமாறுவார்கள்?

முதலில் அந்த 30,000-ஐக் கொஞ்சம் உடைத்துப் பார்ப்போம். ஓ.எம்.ஆரில் விளம்பரத்தில் போடும் வாடகையும் மாதாமாதம் கையை விட்டுப் போகும் பணமும் ஒன்றல்ல. வீடு பார்க்கப் போவதற்கு முன் ஒரு காகிதத்தில் ஆறு வரி எழுதிக்கொள்ளுங்கள்: வாடகை, மெயின்டனன்ஸ், தண்ணீர், புரோக்கர் கமிஷன், காலி செய்யும்போது பிடிக்கும் பெயின்டிங் பணம், அட்வான்ஸில் முடங்கும் பணத்தின் வட்டி. கடைசி மூன்றையும் நீங்கள் அங்கே இருக்கப்போகும் மாதங்களால் வகுத்து வாடகையோடு சேர்க்க வேண்டும்.

ஒரு வீடு 30,000 என்று வைத்துக்கொள்வோம். 1,100 சதுர அடி, மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 4 ரூபாய்: 4,400. தண்ணீருக்குத் தனியாக 1,500. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை. ஐந்து மாத அட்வான்ஸ், அதாவது ஒன்றரை லட்சம். வங்கியில் போட்டிருந்தால் 7 சதவீதத்தில் மாதம் 875 ரூபாய் வந்திருக்கும். இரண்டு வருடம் இருந்தால் கமிஷனும் பெயின்டிங்கும் மாதத்துக்கு 1,250 வீதம் ஏறும். மொத்தம் 39,275. இன்னொரு வீடு 34,000. மெயின்டனன்ஸ், தண்ணீர் எல்லாம் உள்ளடக்கம், இரண்டு மாத அட்வான்ஸ், ஓனரே நேரடியாகக் கொடுக்கிறார், பெயின்டிங்குக்கு அரை மாத வாடகைதான். இதே கணக்கில் இது 35,100 சொச்சம். விளம்பரத்தில் 4,000 ரூபாய் கூடுதலாகத் தெரிந்த வீடு உண்மையில் 4,000 ரூபாய் மலிவு. முதல் வீட்டில் 11 மாதத்தில் காலி செய்ய நேர்ந்தால் கணக்கு 42,000-ஐத் தாண்டிவிடும். ஒரே வருடத்தில் வேலை மாறும் வாய்ப்பு இருக்கிறவர்கள் புரோக்கர் வழியாக வீடு எடுப்பதும் பெரிய பெயின்டிங் தொகைக்கு ஒப்புக்கொள்வதும் நஷ்டம்.

அடுத்து இடம். ஓ.எம்.ஆர். என்று ஒரே பெயரில் சொன்னாலும் கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் எல்லாம் தனித்தனிச் சந்தை. பொதுவாகத் தெற்கே போகப் போக வாடகை இறங்கும். மாநகராட்சி எல்லை செம்மஞ்சேரியோடு முடிகிறது. நாவலூர் தொடங்கி செங்கல்பட்டு மாவட்டம். குப்பை அள்ளுவது, தெருவிளக்கு, குடிநீர், கழிவுநீர் எல்லாம் அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் வேறு வேறு கையில். கூகுள் வரைபடத்தில் அலுவலகம் மூன்று கிலோமீட்டர் என்று காட்டினால் அதை நம்பி டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரைக்கும் மெட்ரோ ரயில் தூண்கள் எழும்பும் சாலை இது. யூ-டர்ன் எங்கே விட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மூன்று கிலோமீட்டர் ஆறு கிலோமீட்டர் ஆகும். சாலையின் எந்தப் பக்கம் வீடு, எந்தப் பக்கம் அலுவலகம் என்று பாருங்கள். கிழக்கே பக்கிங்காம் கால்வாய் குறுக்கே கிடக்கிறது, ஈ.சி.ஆர். பக்கம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் எண்ணம் இருந்தால், அதைக் கடக்க சோழிங்கநல்லூர்–அக்கரை இணைப்புச் சாலை போல விரல்விட்டு எண்ணக்கூடிய வழிகளே உண்டு என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வார நாளில் காலை எட்டரை மணிக்கு ஒரு தடவை, மாலை ஆறரைக்கு ஒரு தடவை அந்த வழியில் போய்ப் பார்த்தால் போதும், மிச்சம் தானாகப் புரியும்.

இனி தண்ணீர். இந்தப் பகுதியில் வீடு பார்ப்பதில் பாதி வேலை இதுதான். 2019 ஜூனில் ஓ.எம்.ஆர். ஐ.டி. நிறுவனங்கள் சில, தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. அதற்குப் பிறகு நிலைமை முன்னேறியிருக்கிறது; நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஆனால் ஆலை திறந்ததும் ஒவ்வொரு தெருவுக்கும் குழாய் ஒரே மாதிரி வந்துவிடவில்லை. ஒரே தெருவில் ஒரு காம்பவுண்டுக்கு மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர் வரும், பக்கத்துக் காம்பவுண்ட் லாரியை நம்பி இருக்கும்.

நான்கு பேர் குடும்பத்துக்கு ஆளுக்கு 135 லிட்டர் வீதம் ஒரு நாளைக்கு 540 லிட்டர், மாதம் 16,200 லிட்டர் வேண்டும். 50 வீடு உள்ள குடியிருப்பு என்றால் மாதம் 8 லட்சத்து 10 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கணக்கிட்டால் 67, 68 நடை. ஒரு நாளைக்கு இரண்டு லாரிக்கு மேல். இந்தக் கணக்கு கையில் இருந்தால் வாட்ச்மேனிடம் சரியான கேள்வியைக் கேட்கலாம்: "அண்ணே, மே மாசம் ஒரு நாளைக்கு எத்தனை லாரி வரும்?" ஓனரிடம் கேட்டால் "தண்ணிக்குப் பஞ்சமே இல்லை" என்பார். பல ஓனர்கள் அந்த வீட்டில் ஒரு நாள்கூட இருந்ததில்லை, அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. வாட்ச்மேன் எண்ணிக்கை சொல்வார். ஐம்பது வீட்டுக்கு இரண்டு லாரி என்று பதில் வந்தால் ஆழ்துளைக் கிணறு வற்றிவிட்டது, மெட்ரோ வாட்டரும் வரவில்லை என்று அர்த்தம். லாரி விலை கோடையில் ஏறும்போது அது யார் தலையில் விழும் என்பதுதான் அடுத்த கேள்வி. சில அசோசியேஷன்கள் (குடியிருப்போர் சங்கங்கள்) மெயின்டனன்ஸிலேயே அடக்கிவிடுகின்றன, சில வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்திருக்கின்றன, சில மொத்தச் செலவை வீட்டு எண்ணிக்கையால் வகுத்துவிடுகின்றன. மூன்றாவது வகையில் இரண்டு பேர் இருக்கும் வீடும் ஆறு பேர் இருக்கும் வீடும் ஒரே தொகை கட்டும்.

அளவைப் போலவே தரமும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்க டி.டி.எஸ். மீட்டர் என்று பேனா அளவில் ஒரு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். சமையலறைக் குழாய், குளியலறைக் குழாய் இரண்டிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். இரண்டும் வேறு தண்ணீராக இருக்கலாம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. குளியலறைத் தண்ணீரே ஆயிரத்தைத் தாண்டினால் வாஷிங் மெஷின், கீசர் இரண்டுக்கும் ஆயுள் குறையும், தலைமுடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மீட்டர் இல்லாவிட்டாலும் கண் இருக்கிறது. ஷவர் துளைகளில் வெள்ளைப் பொருக்கு, குழாயடியில் டைல்ஸ் மேல் சுண்ணாம்புக் கோடு, ஃப்ளஷ் டேங்க் மூடியைத் திறந்தால் உள்ளே செம்மண் படிவு. புதிதாக பெயின்ட் அடித்த வீட்டில்கூட இந்த மூன்றையும் யாரும் மறைப்பதில்லை.

தண்ணீர் இல்லாததைப் போலவே, தண்ணீர் வந்து நிற்பதும் இந்தப் பக்கத்துப் பிரச்சினை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர வேண்டும். வழி குறுகல், மழை அதிகம், நடுவில் வீடுகள். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது அங்கே இஸ்திரி போடுகிறவருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் மனப்பாடம். "மூன்றாவது மாடிதானே, நமக்கென்ன" என்று நினைக்க வேண்டாம். தரைத்தளத்தில் இ.பி. பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இடுப்புக்குக் கீழே இருந்தால் ஒரு பெருமழைக்கே மின்சாரத்தை நிறுத்த வேண்டி வரும். மின்சாரம் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது, மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது, லிஃப்ட் நிற்கும். தரைக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் மூடி தரைமட்டத்தில் இருந்தால் வெள்ளம் சம்பிலும் இறங்கிவிடும். தண்ணீர் வடிந்த பிறகும் சுத்தம் செய்து முடிக்கும்வரை குழாயில் வருவதைத் தொட முடியாது. கார் இருந்தால், பேஸ்மென்ட் பார்க்கிங் உள்ள இடத்தில் நவம்பர் மாதம் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் சிரித்தால் புரிந்துகொள்ளலாம்.

பெருங்குடி, துரைப்பாக்கத்தில் மேற்குப் பக்கத் தெருக்களைப் பார்க்கிறவர்கள் குப்பைக் கிடங்கின் வாடையையும் கணக்கில் வையுங்கள். மேற்கிலிருந்து காற்றடிக்கும் மாதங்களில்தான் தெரியும். ஜனவரியில் வீடு பார்த்துவிட்டு ஜூலையில் மூக்கைப் பிடிக்கக் கூடாது.

வீட்டுக்குள் போனதும் எல்லோரும் மாடுலர் கிச்சனைப் பார்க்கிறார்கள். அதற்கு முன் திசையைப் பாருங்கள். கடற்காற்று மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து உள்ளே வரும். கிழக்கு அல்லது தென்கிழக்கில் ஜன்னலோ பால்கனியோ உள்ள வீட்டில் ஏ.சி. ஓடும் நேரம் குறையும். மேற்குச் சுவர் முழுவதும் வெயில் வாங்கும் படுக்கையறை, அதுவும் மேலே மொட்டைமாடி என்றால், இரவு பத்து மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடும். மாலை நான்கு மணிக்கு வீடு பாருங்கள்; காலையில் எந்த வீடும் குளுகுளுவென்றுதான் இருக்கும்.

விளம்பரத்தில் 1,100 சதுர அடி என்று இருப்பது பெரும்பாலும் சூப்பர் பில்ட்-அப். படிக்கட்டு, லிஃப்ட், லாபி எல்லாவற்றிலும் உங்கள் பங்கு அதில் அடக்கம். உள்ளே கால் வைத்து நடக்கும் இடம் அதில் 70, 75 சதவீதம் தேறினால் சரி. மெயின்டனன்ஸ் மட்டும் முழு 1,100-க்கும் வசூலிப்பார்கள். இரண்டாவது படுக்கையறையை டேப் வைத்து அளந்துவிடுங்கள். 10 அடிக்கு 10 அடி அறையில் 6 அடிக்கு 5 அடி கட்டில் போட்டு, ஒரு பீரோ வைத்தால் பிள்ளைகளுக்குப் படிக்கும் மேசை போட இடம் இருக்காது.

ஜெனரேட்டர் பேக்கப் என்று போட்டிருந்தால் வீட்டுக்குள் எது எது ஓடும் என்று கேளுங்கள். லிஃப்டுக்கும் பொது விளக்குக்கும் மட்டும் பேக்கப் கொடுத்துவிட்டு அதையே விளம்பரத்தில் போடுகிறவர்கள் உண்டு. வீட்டுக்குள் வரும் என்றால் எத்தனை வாட்ஸ், ஃபிரிட்ஜ் தாங்குமா, அந்த யூனிட்டுக்குத் தனிக் கட்டணமா என்பது அடுத்த கேள்வி. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. செல்போன் சிக்னலை ஒவ்வொரு அறையிலும் நின்று பாருங்கள், கதவை மூடிக்கொண்டு.

மின்கட்டணத்தில் ஒரு நுணுக்கம் உண்டு, பலருக்கும் தெரியாது. கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி 500 யூனிட் வரை ஓடினால் 1,805 ரூபாய். பத்தே யூனிட் கூடி 510 ஆனால் 2,124. பத்து யூனிட்டின் விலை 84 ரூபாய்தான்; மிச்சம் 235 ரூபாய், 500-ஐத் தாண்டியதும் 101-லிருந்து 200 வரைக்குமான சலுகை விலை போய்விடுவதால் வருவது. இது வாடகை வீட்டில் எங்கே இடிக்கும் என்றால், நீங்கள் குடிபுகும் தேதி இரண்டு மாதச் சுற்றின் நடுவில் விழும்போது. முன்பு இருந்தவர் 400 யூனிட் ஓட்டிவிட்டுப் போயிருப்பார், நீங்கள் 150 ஓட்டுவீர்கள், 550-க்கான முழுப் பில்லும் உங்கள் பெயரில் வந்து நிற்கும். சாவி வாங்கும் அன்றே மீட்டரைப் படம் பிடித்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அந்த முதல் பில்லை யூனிட் விகிதத்தில் பிரித்துக்கொள்வதாக அவரிடம் ஒரு வரி பதிலும் வாங்கிக்கொள்ளுங்கள். மின் இணைப்பு எண்ணை வாங்கி, பழைய பாக்கி இருக்கிறதா என்று மின்வாரிய இணையதளத்தில் பார்ப்பதும் இரண்டு நிமிட வேலை. தனி மீட்டர் இல்லாமல் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனரே வசூலிக்கும் வீடுகளில் இலவச 100 யூனிட்டும் கிடைக்காது, குறைந்த படிக் கட்டணமும் கிடைக்காது. வாடகையில் ஆயிரம் குறைத்துத் தந்தாலும் வேண்டாம்.

பேரம் பேச நல்ல காலம் எது? ஆடியும் மார்கழியும். சாஸ்திரம் பார்க்கிறவர்கள் அந்த மாதங்களில் வீடு மாற மாட்டார்கள், ஓனருக்கோ பூட்டிய வீட்டுக்கும் மெயின்டனன்ஸ் கட்ட வேண்டும். ஆடியில் பேசி, வாடகையை ஆவணி முதல் தேதியிலிருந்து தொடங்கச் சொல்லலாம். நடுவில் ஒரு நல்ல நாள் பார்த்துப் பால் மட்டும் காய்ச்சிக்கொள்கிறோம் என்றால் பெரும்பாலான ஓனர்கள் மறுப்பதில்லை. பள்ளி திறக்கும் முன் ஏப்ரல், மே மாதங்களில் இந்தப் பேச்செல்லாம் எடுபடாது. அப்போது ஒரே வீட்டுக்கு மூன்று குடும்பம் நிற்கும். வாடகையைக் குறைக்க மறுக்கும் ஓனர்கூட அட்வான்ஸைக் குறைப்பார், குளியலறைக் கதவை மாற்றுவார், கொசுவலை அடித்துத் தருவார். இந்தப் பகுதியில் கொசுவலை இல்லாத வீட்டில் மாலை ஆறு மணிக்கு மேல் ஜன்னல் திறக்க முடியாது, ஆகவே அதைத்தான் முதலில் கேளுங்கள்.

பணம் கொடுக்கும் முன் அந்த வீடு யாருடையது என்று உறுதி செய்யுங்கள். சொத்துவரி ரசீது, இ.பி. கார்டு, ஓனரின் ஆதார் மூன்றிலும் ஒரே பெயர் வர வேண்டும். சொத்து யார் பெயரில் இருக்கிறது, அடமானம் உண்டா என்று காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். அதற்கு வேண்டிய பத்திர விவரத்தை ஓனரிடம் கேட்டால் நாணயமானவர் கொடுப்பார். வீட்டை நேரில் பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். "நான் ராணுவத்தில் இருக்கிறேன், இப்போது ஊரில் இல்லை, கேட் பாஸுக்கு 2,000 அனுப்புங்கள், திருப்பித் தருகிறேன்" என்று வரும் அழைப்புகள் மோசடி. வீட்டைக் காட்ட அசோசியேஷன் எதுவும் முன்பணம் வாங்குவதில்லை. சந்தை விலையில் பாதிக்கு, அழகான படங்களோடு வரும் விளம்பரங்களில் பெரும்பாலானவை இந்த வகை.

போகியத்துக்கு, அதாவது மொத்தமாகப் பத்து, பதினைந்து லட்சம் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருக்கலாம் என்று சொன்னால் மிகவும் யோசியுங்கள். சட்டப்படி அது ஓர் அடமானம், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதித் தருவதற்கு மதிப்பில்லை. வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, ஓனர் தவணை கட்டாமல் விட்டால், வங்கி வந்து வீட்டை எடுத்துக்கொள்ளும். முதல் உரிமை வங்கிக்கு. உங்கள் லட்சங்களுக்கு அலைய வேண்டியவர் நீங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் ஓனர்கள் ஓ.எம்.ஆரில் நிறைய. வாடகைக்கு அவர்கள் என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான வங்கிக்) கணக்கு எண் கொடுத்தால் அங்கே நில்லுங்கள். ஓனர் வருமான வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிக்காதவர் என்றால், வாடகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் நீங்கள் 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும், ஆக 31.2 சதவீதம், பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் அவருக்குக் கொடுக்க வேண்டும். 30,000-ல் 9,360 ரூபாய் அரசுக்கு, 20,640 அவருக்கு. அதற்கு நீங்கள் வரி பிடித்துக் கட்டுகிறவருக்கான டான் எண் வாங்க வேண்டும், மாதாமாதம் கட்ட வேண்டும், காலாண்டுக்கு ஒரு முறை கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பிடிக்காமல் விட்டால் வரித்துறை வட்டியோடு கேட்பது உங்களைத்தான். நடைமுறையில் பாதிப்பேர் இதைக் கண்டுகொள்வதே இல்லை, ஆனால் ஹெச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப்படி) கழிவு கேட்டு ஓனரின் பான் எண்ணை அலுவலகத்தில் கொடுக்கிறவர்கள், தாங்களே தடயம் வைக்கிறார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஓனர் குறைந்த விகிதப் பிடித்தத்துக்கு வருமான வரித்துறையிடம் சான்றிதழ் வாங்கித் தந்தால் சிக்கல் குறையும். "அதெல்லாம் எதுக்கு, என் அப்பா கணக்குக்கு அனுப்பிடுங்க" என்றால் அது தீர்வு ஆகாது. வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய வருமானம்தான் வாடகை. உள்ளூர் ஓனர் என்றால் மாத வாடகை 50,000-ஐத் தாண்டும்போது மட்டும் 2 சதவீதம் பிடித்தால் போதும், உங்கள் பட்ஜெட்டில் அது வராது. ஹெச்.ஆர்.ஏ. கழிவு பழைய வரி முறையில் மட்டுமே. வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் வேண்டும். பான் தர மறுக்கும் ஓனர் யார் என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

ஒப்பந்தம். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்; இணையத்திலேயே பதியலாம், பதிவு எண் கிடைக்கும். 11 மாத ஒப்பந்தம் என்றால் பதிவே வேண்டாம் என்று புரோக்கர்கள் சொல்வது, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்ற பழைய சட்டத்தை மனதில் வைத்து. இது வேறு பதிவு. வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்று இந்தச் சட்டம் சொல்கிறது. சென்னையின் பழைய பத்து மாத வழக்கம் ஓ.எம்.ஆரில் ஏற்கெனவே தளர்ந்துவிட்டது, ஆனால் ஐந்து, ஆறு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டால் அது ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும், ஆகவே கையெழுத்துக்கு முன்பே பேசுங்கள்.

புரோக்கர் நீட்டும் ஒப்பந்தம் பெரும்பாலும் யாரோ எப்போதோ தட்டச்சு செய்த நகல். அதில் நான்கு இடங்களைக் கட்டாயம் திருத்த வேண்டும். முதலாவது பெயின்டிங். சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பதையும் ஓனரின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. குழாய் வாஷர், ஸ்விட்ச், கீசர் ரிப்பேர் போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஆனால் "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்குக் கழிக்கப்படும்" என்று எழுதிக் கையெழுத்தாகிவிட்டால் அதைத்தான் அவர் காட்டுவார். அடியோடு எடுக்க முடியாவிட்டால், இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தால் மட்டும் அரை மாதம் என்றாவது மாற்றுங்கள். நீங்கள் குடிபுகும்போது பெயின்ட் அடித்துக் கொடுக்காத வீட்டுக்கு, போகும்போது பெயின்டிங் பணம் கேட்பதில் நியாயமே இல்லை. அதை வாய் திறந்து சொல்லலாம்.

இரண்டாவது, லாக்-இன், அதாவது நடுவில் காலி செய்ய முடியாத காலம். "11 மாதத்துக்கு முன் காலி செய்தால் மீதி மாத வாடகை முழுதும்" என்று இருந்தால், வேலை மாற்றம் ஆனால் ஒரு மாத வாடகை மட்டும் என்று சேருங்கள். நோட்டீஸ் காலம் இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். குடியிருப்பவருக்கு இரண்டு மாதம், ஓனருக்கு ஒரு மாதம் என்று நைசாக எழுதியிருப்பார்கள். மூன்றாவது, வருட உயர்வு. சதவீதம் எண்ணாக இருக்கட்டும். "சந்தை நிலவரப்படி" என்ற சொல் இருந்தால் அடித்துவிடுங்கள். நான்காவது, மெயின்டனன்ஸ் யார் கட்டுவது, உயர்ந்தால் யார் ஏற்பது, அசோசியேஷன் லிஃப்ட் மாற்றவோ கட்டடத்துக்கு வண்ணமடிக்கவோ தனியாக வசூலித்தால் யார் கட்டுவது. அந்தத் தனி வசூல் சொத்தின் மதிப்பைக் கூட்டும் செலவு, ஓனருடையது. ஒரு வரியில் எழுதிவிட்டால் தகராறே வராது.

கார் பார்க்கிங்கின் எண்ணை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எண் இல்லாவிட்டால் எதிர்வீட்டுக்காரரின் இரண்டாவது கார் அங்கே நிற்கும். அசோசியேஷனின் விதிகளையும் முன்பே வாங்கிப் படியுங்கள்: சாமான் ஏற்றி இறக்க லிஃப்ட் எந்த நேரம், மூவ்-இன் கட்டணம் எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை அனுமதி உண்டா, நாய் வளர்க்கலாமா. லாரியோடு வந்து கேட்டில் நிற்கும்போது 5,000 ரூபாய் கட்டணம் என்று தெரிந்தால் அன்றைக்குக் கட்டித்தான் ஆக வேண்டும்.

சாவி வாங்கிய அன்று, சாமான் இறக்கும் முன், வெறும் வீட்டை ஓர் அறை விடாமல் வீடியோ எடுங்கள். சுவர் விரிசல், ஓதம், உடைந்த டைல்ஸ், கீறிய கதவு, ஆணி அடித்த துளை. எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து வடிகால் வாங்குகிறதா என்று பாருங்கள். கீசரைப் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். ஏ.சி. பொருத்தியிருந்தால் இருபது நிமிடம் ஓடவிட்டு, தண்ணீர் வெளியே சொட்டுகிறதா உள்ளே சொட்டுகிறதா என்று பாருங்கள். வீடியோவை அன்றே ஓனருக்கு அனுப்பி "இந்த நிலையில் பெற்றுக்கொண்டோம்" என்று ஒரு வரி சேருங்கள். மின்விசிறி எத்தனை, டியூப்லைட் எத்தனை, சாவி எத்தனை ஜோடி என்ற பட்டியல் ஒப்பந்தத்தின் பின்பக்கம் வரட்டும்.

குடியிருக்கும் காலத்தில் ஓனர் வீட்டைப் பார்க்க வர வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்பு தெரிவிக்க வேண்டும். வாடகைத் தகராறு என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த அவருக்கு உரிமை இல்லை. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் போகலாம். வாடகையை எப்போதும் வங்கி வழியாகவே கொடுங்கள், குறிப்பில் மாதத்தின் பெயரோடு.

காலி செய்யும்போது நோட்டீஸை வாட்ஸ்அப்பில் மட்டும் விடாமல் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், தேதி முக்கியம். அட்வான்ஸ் திரும்ப வர சட்டம் ஒரு மாதம் தருகிறது. ஆனால் அடுத்த வீட்டு அட்வான்ஸுக்கு அந்தப் பணத்தை நம்பியிருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். அடுத்த ஆள் அட்வான்ஸ் கொடுத்தால்தான் உங்களுக்குத் தருவேன் என்பதுதான் இங்கே நடப்பது. இதற்கு நாசூக்கான வழி, நோட்டீஸ் கொடுக்கும்போதே கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சம்மதம் கேட்பது. ஐந்து மாத அட்வான்ஸில் இரண்டு மாதம் இப்படிக் கழிந்தால் ஓனர் கையில் நிற்பது மூன்று மாதம்தான். சம்மதம் கிடைக்காமல் நீங்களாகவே வாடகையை நிறுத்தினால் அது வாடகை பாக்கியாகிவிடும், அதைச் செய்ய வேண்டாம். சாவியைக் கொடுக்கும் அன்று மீட்டர் படம், காலி வீட்டு வீடியோ, அசோசியேஷனிடம் பாக்கி இல்லை என்ற சீட்டு மூன்றையும் அனுப்பி, என்னென்ன கழிக்கிறார் என்று எழுத்தில் கேளுங்கள். "பிளம்பிங் வேலை 8,000" என்று மொத்தமாக வந்தால் பில் கேட்கலாம். பில் கேட்டதும் 8,000 பல நேரம் 2,500 ஆகிவிடும்.